வெறுதே விட்டு

ஜூ டவுன் கடையில் பழைய சீனா ஜாடியை உடைத்த ராமர், வீட்டுக்கு வந்ததும் பெட்டி கட்டினார்.

"கெளம்பு மகா, ஊருக்குப் போயிருவோம். முதலாளி மலையாள பைபிளைத் திறந்து யோனா கதை சொன்னாரு. பாவம் செஞ்ச நினிவே ஊரை தெய்வம் 'வெறுத்து விட்டு'தாம். என்னையும் அப்படியே வெறுத்து விட்டுன்னுட்டாரு."

மலையாளத்தில் படித்த மகள் மகா சிரித்தாள்.

"வெறுத்து இல்லப்பா, வெறுதே! 'வெறுதே விட்டு'ன்னா தண்டிக்காம சும்மா விட்டாச்சுன்னு அர்த்தம். கடவுள் அந்த ஊரை மன்னிச்சிட்டாரு."

ராமர் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அதான் விஷயமா! கோவத்துல நானும், 'உங்களை வெறுத்து விட்டு முதலாளி'ன்னு கத்துனேன். எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டின மனுஷன், கண்ணு கலங்கி சாயா வாங்கிக் குடுத்தாரு!"