நாலு மடங்கு

“இந்த போல்ட்டை நம்பி ஆளைத் தூக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

சோதனை இன்ஜினியர் இப்படிச் சொன்னதும் பட்டறையே திரும்பிப் பார்த்தது. ‘முட்டுக்கட்டை’ என்றால்தான் அங்கே அவனைத் தெரியும்.

பெயின்டர்கள் இருவரைச் சுமந்துகொண்டு கூரை வரை போக வேண்டிய தொங்கு மேடை அது. நாலு போல்ட்டில் தொங்குகிறது. ஏற்றப்போகிற பாரத்தைப் போல நாலு மடங்கு தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவள் டிசைன் இன்ஜினியர். அவளும் பக்கத்தில்தான் நின்றாள்.

“கணக்குல என்னய்யா குறை?” என்றார் முதலாளி.

“கணக்கு சரிதான் சார். போல்ட்தான் மட்டமான சரக்கு. ஸ்டோர்ல இருக்கற ஹை டென்சில் போல்ட்டு இதைவிட ரொம்ப உறுதி, அதை மாட்டிடலாம்.”

அது வேறு ஆர்டருக்கு வாங்கி வைத்தது. முதலாளிக்குச் சுர்ரென்று ஏறியது. இவள் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்குப் போட்டி போட்டவன்தானே நீ, அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டார். ஸ்டோர் போல்ட்டில் கை வைத்தால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அவளுக்கு உள்ளூர இனித்தது. இவன் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று அறைக்குள் போய்க் கணக்கை முதலிலிருந்து போட்டாள்.

பாதியில் பேனா நின்றது.

போல்ட்டின் முழுத் தடிமனை எடுத்திருக்கிறாள். மரை வெட்டிய இடத்தில் அது மெலிந்தல்லவா இருக்கும்? போதாததற்கு, பாரத்தை நாலுக்கும் சமமாகப் பங்கு வைத்திருக்கிறாள். மேடை ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டுதானே சுமக்கும்?

நாலு மடங்கு ஒன்றரையாகச் சுருங்கியது.

வெளியே மேடையைத் தூக்கும் வின்ச் மோட்டார் உறுமியது.

விழுந்தடித்து ஓடினாள். மேடை கூரையடிக்கே போய்விட்டிருந்தது. மேலே பெயின்டர்கள் ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே அவன் அண்ணாந்தபடி நின்றான்.

“இறக்கச் சொல்லுங்க. அந்த போல்ட்டு…”

“அது பழைய இரும்போட மூலையில கிடக்கு. முதலாளி கார் கேட்டைத் தாண்டினதுமே நாலையும் கழட்டிட்டு ஸ்டோர் போல்ட்டை மாட்டிட்டேன். மூச்சு விடுங்க மேடம்.”

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“கணக்குலதான் தப்புன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

ஆமென்று தலையாட்டினான்.

“அப்புறம் எதுக்கு போல்ட் மேல பழி போட்டீங்க?”

“போல்ட் மேல போட்டா போல்ட்டை மாத்துவாங்க. கணக்கு மேல போட்டா, கணக்குப் போட்ட ஆளைத்தானே மாத்துவாரு?”

மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலேதான் சொன்னான்.

அவள் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டாள். “சார், தப்பு போல்ட்டுல இல்ல, என் கணக்குல.”