பதினேழு நாள் தவணை

"அந்தக் கிழவனிட்டை இருந்து திறப்பைப் பறிக்கவேணும் அண்ணை. இண்டைக்கே!"

ஜெர்மனியின் வுப்பர்டால் அமெச்சூர் வானொலிக் கழகத்தின் கூட்டத்துக்குக் காரோட்டிப் போகும்போதே தபோதரன் கொதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ரவிச்சந்திரன் மெல்லச் சொன்னார்.

"கொஞ்சம் ஆறும் ஐசே. வயசுபோன மனுசன்."

"வயசுபோனா? இருபத்தேழு நாளா ரிப்பீட்டரிலை 'கொர்ர்' எண்டு இரைச்சல். வருகுது, நிக்குது, திரும்ப வருகுது. ஒருத்தரும் கதைக்க ஏலாமல் கிடக்கு!"

தபோதரன் குடியிருக்கும் எட்டு மாடிக் கட்டடத்தின் கூரையில்தான் அந்த ரிப்பீட்டர் இருந்தது. கையடக்க வயர்லெஸ் பெட்டியின் குரலை வாங்கி ஊர் முழுக்க எறிகிற கருவி. வெள்ளம் வந்து போன் செத்தாலும் அது கதைக்கும். கூரை அறைப் பூட்டின் திறப்பை இருபத்தைந்து வருசமாக இடுப்பில் கொழுவிக்கொண்டு திரிகிறவர் மேல்மாடிக் கிழவர் ஹெர் ஃபோல்மர்.

இரைச்சல் தொடங்கியதும் கிழவர் அது எங்கிருந்து வருகிறது என்று தேடி, கை அன்ரெனாவோடு மாடி மாடியாக ஏறி இறங்கினார். பதினாலாம் நாள் கழகத்துக்கு ஒரு கடிதம் போட்டார். 'கண்டுபிடித்துவிட்டேன். பிழை என்னுடையது. பதினேழு நாளில் நின்றுவிடும். அதற்கு முன் முடியாது.'

"பதினேழு நாளாம்! ஒரு வயரைப் பிடுங்க நல்ல நேரம் பாக்கிறாராக்கும்!"

ரவிச்சந்திரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கூட்டத்தில் ஃபோல்மர் கடைசி வரிசையில் இருந்தார். தபோதரன் எழும்பி ஜெர்மனில் கேட்டார்.

"உங்கள் வீட்டுச் சாமானை அணைக்க உங்களால் முடியாதா?"

"முடியாது."

"ஏன்?"

"அதைச் சொல்ல முடியாது. இன்னும் நாலே நாள். பொறுத்துக்கொள்ளுங்கள்."

"நாலு நாளா? நாளைக்கு வெள்ளப் பயிற்சி! தீயணைப்புக்காரர் வந்து பார்க்கப்போகிறார்கள். எங்கள் பிள்ளை படியில் பந்து உருட்டினாலே வீட்டு ஒழுங்கு என்று கடதாசி ஒட்டுவீர்கள். உங்களுக்கு மட்டும் ஒழுங்கு கிடையாதா?"

மேசைகளைத் தட்டினார்கள். திறப்பைப் பறிக்கும் வாக்கெடுப்பில் பன்னிரண்டு பேரில் பத்துக் கை உயர்ந்தது. ரவிச்சந்திரனின் கை தோள் வரைக்கும் போய் அங்கேயே நின்றது. அதையும் எண்ணிவிட்டார்கள்.

கிழவர் வளையத்தில் இருந்து திறப்பைக் கழற்றினார். அதைத் தபோதரனின் கையில் வைத்துவிட்டு, "உங்கள் மனைவியைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்" என்றார்.

செய்த பிழை போதாதென்று சுகவிசாரணை வேறு! தபோதரன் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் திறப்பைத் தூக்கிக் காட்டினார்.

"பறிச்சாச்சு! நாளைக்குக் காலமை அந்தாளின்ரை கதவைத் தட்டி, அந்தச் சாமானையும் நானே பிடுங்கிறன் பாரும்!"

மனைவி சிவகௌரி கதவடிக்கு வந்தாள்.

"ஏனெண்டு அவர் சொல்லேல்லையே?"

"சொல்ல ஏதும் இருந்தாத்தானே!"

"அது அவற்றை வீட்டிலை இல்லை. இஞ்சைதான் இருக்கு."

அவள் கை காட்டிய மூலையில், சாவகச்சேரியில் போன மாதம் கண்மூடிய அவளுடைய தாயின் படம். அதன் முன்னால் பாரிஸ் கடையில் வாங்கிய கரண்ட் குத்துவிளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் விளக்கை இரவுபகலாக ஏற்றிவைக்க இந்த வீட்டுப் புகை அலாரம் விடாது.

"இதின்ரை அடப்டர் சூடேறினால் இரையுதாம். நீங்கள் வேலைக்குப் போன நேரம் அன்ரெனாவோடை வந்து நிண்டவர்."

தபோதரன் குனிந்து அந்த அடப்டரைத் தொட்டுப் பார்த்தார்.

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"அம்மான்ரை செத்தவீட்டுக்கே போகவேண்டாம் எண்டு மறிச்சனீங்கள். இதையும் அண்டைக்கே பிடுங்கியிருப்பியள். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு நான்தான் அவரைக் கேட்டனான்."

அவர் கையில் இருந்த திறப்பைச் சிவகௌரி பார்த்தாள்.

"அம்மான்ரை முப்பத்தோராம் நாள் காரியம் வரைக்கும் இந்த விளக்கை அணைக்கக்கூடாது எண்டு சொல்லி அழுதன். எங்கடை முறை அந்த மனுசனுக்கு என்ன தெரியும்? ஏனெண்டுகூடக் கேக்கேல்லை. இன்னும் எத்தினை நாள் எண்டு மட்டும்தான் கேட்டவர்."