ஒளித்து வைத்த கப்பல்கள்

கடலோரத்து வீடுகளுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்த கப்பல் வேட்டைப் பெட்டியில் ஜெசிந்தாவை ஜெயிக்க ஆளில்லை. திரையில் மணல்திட்டுகளோடு கடல் தெரியும், அதன்மேல் கட்டங்கள். அவள் ஐந்து கப்பல்களை ஒளித்து வைப்பாள். பெட்டி கட்டம் கட்டமாக ஊகித்துக் குண்டு போடும். பட்டால் சிவப்பு விளக்கு, தப்பினால் வெள்ளை. அவள் பக்கம் எரிந்ததெல்லாம் வெள்ளைதான்.

"எப்படிக்கா இப்படி ஒளிக்கிறீங்க?" என்று பெட்டியே ஒருநாள் கேட்டுவிட்டது.

"எல்லை தாண்டிப் போனா, ரோந்துக்காரன் கண்ணுல படாம எங்க வீட்டுக்காரரு போட்டை இப்படித்தான் ஒதுக்குவாரு" என்றாள் பெருமை பொங்க.

இன்று முதல் குண்டிலேயே சிவப்பு எரிந்தது. அடுத்ததும் சிவப்பு. ஐந்தும் மூழ்குவதற்குள் பக்கத்து வீட்டுப் பிரகாசி ஓடிவந்தாள்.

"மைனி, அண்ணன் போட்டைப் புடிச்சிட்டானுவ! தேடவே இல்லியாம், நேரா திட்டுக்குப் பின்னால வந்து நின்னானுவளாம்!"

ஜெசிந்தா திரையைத் திரும்பிப் பார்த்தாள்; அங்கேயும் திட்டுக்குப் பின்னால்தான் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. கொழுந்தன் சூசையின் போட்டும் அங்கேதான் எங்கோ ஒதுங்கியிருந்தது. வயர்லெஸில் கூப்பிட்டால் ரோந்துக்காரனுக்கும் கேட்கும். பெட்டியை உடைக்க ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு, புது ஆட்டம் தொடங்கினாள். எந்த மீனவனும் ஒதுங்காத நட்டநடுக்கடலில் ஐந்து கப்பல்களையும் வரிசையாக நிறுத்தினாள்.

பெட்டி குண்டு போடவில்லை.

"இன்னைக்கு ஏன்க்கா மாத்தி ஒளிக்கிறீங்க?" என்று அன்பாகக் கேட்டது. "உங்க கொழுந்தன் இன்னும் கரைக்கு வரலியா?"