பத்துச் சொம்புப் பரீட்சை

"இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண்ணு இருந்தும் பாக்கத் தெரியல மாப்பிள்ளை. செடியைப் பாக்குறதில்ல, அதுல குத்தி வெச்ச சீட்டைத்தான் பாக்குதுங்க."

சொல்லிவிட்டுத் தோட்டக்காரர் காறித் துப்பினார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். செடிச் சீட்டில் எழுதிய எதையும் நம்பமாட்டார். கேட்டுக்கொண்டிருந்த மருமகன்தான் அந்தத் தாவரத் தோட்டத்துக்கு சூப்பர்வைசர். மாமனாருக்கு மேலாளாக மருமகன்! இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல?

"புது மேனேஜரம்மாகிட்ட இப்படிப் பேசி வைக்காதீங்க மாமா. பத்துச் செடிக்குப் பேர் கேப்பாங்க. சொல்லிட்டா வேலை நிக்கும். இல்லாட்டி இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்ணணும்."

தொட்டி அடுக்கும் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது அந்த ஒற்றை அறை. உள்ளே இரண்டு வருஷமாக அவர் மனைவி படுத்த படுக்கை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு எங்கே போவது? மகள் வீட்டுக்கா? ஒரு வேளை சாப்பிட வாங்க என்றுகூட இந்த மருமகன் கூப்பிட்டதில்லை.

"முப்பத்தெட்டு வருஷமா தண்ணி ஊத்துறவனுக்குப் பரீட்சையா?"

"சும்மா ஒப்புக்குத்தான் மாமா. பேர் தெரிஞ்சாப் போதும்."

அவன் இவ்வளவு பதமாகப் பேசியதே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

பரீட்சை நடந்த குடுவைச் செடி அறைக்குச் சன்னல் கிடையாது. வெயிலுக்குப் பதில் விளக்கு, மழைக்குப் பதில் நீராவி மிஷின். ஒவ்வொரு இலை நுனியிலும் மூடி போட்ட சொம்பு தொங்கும். உள்ளே வழுக்கி விழுந்த பூச்சி திரும்பி வராது.

மேனேஜர் அவரோடு உள்ளே வந்தாள். மருமகன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"காலையில நானே இடம் மாத்தி அடுக்கினேன் பெரியவரே. வரிசை எனக்கு மனப்பாடம். தோட்டத்து ஆளுங்க வெச்ச பேரைச் சொன்னாப் போதும்."

கதவு சாத்திக்கொண்டது. டக்கென்று ஒரு சத்தம். அதுவரை குளவி மாதிரி ரீங்காரித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அடங்கியது. மிஷின் நின்றிருக்கும் என்று அவர் கண்டுகொள்ளவில்லை.

"ஆ!" மேனேஜர் முட்டியில் இடித்து வாளி உருண்டது.

"பாத்து வரக் கூடாதாம்மா? எவ்வளவு பெரிய வாளி!"

முதல் சொம்பின் மூடிக்கு அடியில் விரலை விட்டார். இரண்டு முள் சுருக்கென்றது. "நாகப்பல்." அடுத்தது குண்டு வயிறு. "குரங்குச் சொம்பு."

"நெஜமாவே குரங்கு குடிக்குமா?"

"குடிக்கும். மனுஷன் மாதிரி குடிச்சிட்டுத் தெருவுல உருளாது."

மூன்றாவது ஓடு மாதிரி கெட்டி, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, மூடிக்குள் பிரஷ் மயிர். "அணில் கக்கூஸ்."

"என்ன பேர் இது?"

"மூடியில தேன் நக்க வர்ற அணில் ஜாதி ஒண்ணு, சும்மா போகாம உள்ள வெளிக்கிருந்துட்டுப் போகும். அதைத் தின்னுதான் இது வளருது. ஆபீஸ்லகூட இப்படி வளர்ந்தவங்க உண்டு."

வாசல் பக்கம் யாரோ செருமினார்கள்.

"ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாத்துதான் சொல்லணுமா?"

"மேலாகப் பாத்தா எல்லாச் சொம்பும் ஒண்ணுதாம்மா. மூடியைத் தூக்கினாத்தான் வண்டவாளம் தெரியும்."

வௌவால் வீடு, தவளைச் சட்டி என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒன்பதாவதை இரண்டு கையாலும் ஏந்தினார். பச்சைக் குழந்தை கனம்.

"ராஜா அண்டா. வாயைப் பாருங்கம்மா, எப்படிச் செக்கச்செவேல்னு இருக்கு!"

மேனேஜர் நீட்டிய கை சொம்பைத் தொடாமல் அவர் தோளில் இடித்தது.

பத்தாவது செடியில் சொம்பே தட்டுப்படவில்லை. என்னை ஏமாற்றப் பார்க்கிறாள் என்று கறுவிக்கொண்டு, இலை இலையாக, கொடி கொடியாகத் தடவினார். அடியில் ஒளிந்திருந்த கடலைக்காய் அளவுப் பிஞ்சு ஒன்று விரலைக் கடித்தது.

"ரம்பவாய்!"

"பத்தும் சரி."

"அப்ப வேலை நிக்கும்தானே? எழுதிக் குடுத்துடுங்க. நான் படிக்க மாட்டேன், ஆனா படிக்கிறவனைத் தேடிப் பிடிப்பேன். வாய்ப்பேச்சை நான் நம்புறதில்ல."

"நானும் நம்பலை பெரியவரே. உங்க மருமகன் வந்து சொன்னப்ப, துளிகூட நம்பலை. அதனாலதான் இந்தப் பரீட்சை."

அவன் என்ன கோள் மூட்டினால் என்ன? பத்துக்குப் பத்து. படித்தவர்கள் இப்படித்தான், ஜெயித்தவனுக்குக் கொடுக்க ஒரு வார்த்தை வராது. அவர் கதவைப் பார்த்து நடந்தார். உருண்டு கிடந்த வாளி அவர் காலிலும் இடித்தது. அதையும் திட்டிக்கொண்டே போனார்.

முதுகுக்குப் பின்னால் மேனேஜர் குரல் கொடுத்தாள்.

"போதும் சூப்பர்வைசர், லைட்டைப் போடுங்க."