மெல்ல வந்த காய்ச்சல்

"சும்மா தடிமன்தான் டொக்டர். மூண்டு நாளா மெல்ல மெல்ல வந்தது."

அம்மா பச்சைப் பொய் சொன்னார்.

நேற்றுப் பின்னேரம் பரந்தன் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அவர் நல்ல சுகமாகத்தான் இருந்தார். வீட்டுப் படலையைத் திறப்பதற்குள் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. தும்மலும் இல்லை, மூக்கும் ஒழுகவில்லை. கை கால் முறிகிறது என்று விடிய விடிய அனுங்கினார். போதாததற்கு நீரிழிவு வேறு, பழைய சீனி வருத்தக்காரி.

காய்ச்சல் எப்படித் தொடங்கியது என்றுதான் டொக்டர் கேட்டிருந்தார். மெல்லத் தொடங்கி மூக்கால் வடிந்தால் அநேகமாகத் தடிமன். ஒரேயடியாய் ஆளை விழுத்தினால் இன்புளுவென்சாவாக இருக்கலாம், சோதித்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம் என்றார்.

சோதனை வேண்டாம் என்று அம்மா இருமலை விழுங்கிக்கொண்டு தலையாட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் பக்கத்து வீட்டு விமலேஸ்வரி அக்காவும் இப்படித்தான், தடிமன் தடிமன் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு கிடந்தார். ஆறாம் நாள் பிணமாகத்தான் தூக்கினோம். அம்மாவை விட்டால் எனக்கு ஆளில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டேன்.

காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பதுபோல் அம்மா என்னைப் பார்த்தார்.

மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்துச் சோதித்தார்கள். இன்புளுவென்சாதான். நெஞ்சிலும் சளி கட்டியிருந்தது. நான்கு நாளாவது வார்ட்டில் இருக்க வேண்டும் என்றார் டொக்டர்.

அம்மா கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பவே மாட்டேன் என்றார். பிறகு எல்லாருக்கும் முன்னால் அழத் தொடங்கினார்.

ஊசிக்குப் பயந்த ஆளில்லை அவர். முள்ளிவாய்க்காலில் ஷெல்லடிக்குள் என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்.

எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், கோழிகளுக்குத் தீன் போடுகிறேன், நாலே நாலு நாள்தானே என்று கெஞ்சிப் பார்த்தேன்.

அம்மா என் கையைத் தன் கொதிக்கும் கைகளுக்குள் பொத்திக்கொண்டார்.

"பிள்ளை, நீ நிண்டு என்ன செய்யிறது? அண்ணாவை ஆமியிட்டைக் கையளிக்கேக்கை உனக்கு ஒரு வயசு. அவன் வந்து படலையில உன்னைக் கண்டால், வேற ஆற்றையோ வீடெண்டு திரும்பிப் போயிடுவான்."