வெல்ல முன் ஒரு பொன்னாடை

"பெண்கள் நானூறு மீற்றர் இறுதிப் போட்டி, கடைசி அழைப்பு" என்று மைதானத்து ஒலிபெருக்கி ஆங்கிலத்தில் கத்தியபோது அட்சயா மேடையில் பொன்னாடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவளுக்கு முன்னால் சங்கத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். இரண்டே இரண்டு வார்த்தை என்று தொடங்கியவர் இன்னும் ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரத்தைத் தாண்டவில்லை.

தனி நாடும் ஐ.நா.வில் கதிரையும் இல்லாத இனங்களுக்கென்று நடக்கும் விளையாட்டு விழா அது. இந்த முறை ரொறன்ரோவில். ஒரு வான் வண்டியில் ஏற்றிவிடக்கூடிய அளவு வீரர்களோடு வந்த இனங்களும் இருந்தன. தமிழர் அணியில் பதக்கம் எடுப்பாள் என்று நம்பக்கூடிய ஒரே ஆள் அட்சயா. காலையில் நடந்த தகுதிச் சுற்றில் அவள்தான் முதல்.

மைதானத்தின் கார்ப் பார்க்கிங்கில் மேடை போட்டது தலைவரின் சங்கம். வென்ற பிறகு போர்த்தலாமே என்று பயிற்சியாளர் பேபி அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தலைவர் கேட்கவில்லை. பிரதம விருந்தினருக்கு யூனியன்வில்லில் இன்னொரு விழா இருந்ததாம். அவர் போவதற்குள் போர்த்திப் படம் எடுத்தாக வேண்டுமாம். ஓட்டப் போட்டிதானே, கொஞ்சம் பிந்தித் தொடங்கினால் குடியா முழுகிவிடும்?

பிந்தித் தொடங்க இது என்ன தமிழ்க் கலியாணமா!

பனிக்காலம் முழுக்க விடியற்காலைகளில் பேபி அக்காவின் ஓட்டைக் காரில் போய் உள்ளரங்கில் ஓடிய கால்கள் அவை. வீட்டில் அவளைக் கூட்டிப்போக யாருக்கும் நேரம் இருக்கவில்லை. பேபி அக்கா நேர்சிங் ஹோமில் இரவு வேலை முடித்து, கண் சிவக்க வந்து ஹோர்ன் அடிப்பாள். அப்படிப் பழக்கிய கால்கள், சற்று முன்தான் நீவிச் சூடேற்றிய கால்கள், இப்போது வெயிலில் ஒரே இடத்தில் நின்று விறைத்துக்கொண்டிருந்தன. சரிகை கழுத்தை அறுத்தது.

மேடைக்குக் கீழே பேபி அக்கா கையைக் காட்டினாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"இறங்கி வாடி!"

முன்வரிசைக்காரர் உஸ் என்றார்கள்.

"நூறு மீற்றர் ஓட்டத்திலே சாதனை படைக்கப் போகும் இந்தப் பிள்ளை, எங்கள் எல்லோருக்கும் பிள்ளை" என்றார் தலைவர்.

நானூறு. அட்சயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குப் பின்னால் கட்டியிருந்த பெனரில்கூட நானூறு என்றுதான் போட்டிருந்தது.

அந்தப் பேச்சு அவளுக்கு மனப்பாடம். எந்த இடத்தில் தண்ணீர்ப் போத்தலை எடுப்பார், எந்த இடத்தில் சனம் கை தட்டும் வரை பார்த்துக்கொண்டு நிற்பார், எல்லாம் தெரியும். குரல் தழுதழுக்கும் இடமே இன்னும் வரவில்லை.

இறங்கிப் போய்விடலாம்தான். ஆனால் மேடையில் பெரியவர் ஒருவர் பேசும்போது பிள்ளை இறங்கிப் போனால் சனம் என்ன சொல்லும்? பத்தொன்பது வருசமாக அவளுக்குச் சொல்லித் தந்தது அதைத்தானே. சனம் என்ன சொல்லும், சனம் என்ன சொல்லும். இந்தச் சனம் நாசமாய்ப் போக.

ஒலிபெருக்கி இப்போது அவளுடைய பெயரைத் தனியாகக் கூப்பிட்டது.

அவள் பொன்னாடையை உருவித் தலைவரின் மேல் எறிந்தாள். எறியத்தான் எறிந்தாள். சரிகைக் கனம், அது அவருடைய தோளைச் சுற்றி ஒழுங்காகவே விழுந்துவிட்டது.

சனம் எழும்பி நின்று கை தட்டியது. படம் பிடிக்கிறவர், "தங்கச்சி, இன்னொருக்கா போடுங்கோ" என்றார்.

அவள் படியில் கால் வைக்காமலேயே கீழே பாய்ந்தாள்.

வீரர்கள் பெயர் கொடுக்கும் கூடாரத்தின் வாசலில் கயிறு கட்டியாயிற்று. அங்கே நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி மணிக்கூட்டைக் காட்டி, கண் கலங்க மன்னிப்புக் கேட்டாள். கேட்க வேண்டியவர் மேடையில் நின்றார். பேபி அக்கா ஆங்கிலத்தில் மன்றாடினாள், தமிழில் திட்டினாள். இரண்டும் எடுபடவில்லை.

அட்சயா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நான்காம் லேன் வெறுமையாகக் கிடந்தது. வெடிச் சத்தம் கேட்டது. மற்றவர்கள் ஓடினார்கள். முதலாவதாக வந்தவளைக் காலையில் அவள் கடைசி வளைவிலேயே முந்தியிருந்தாள்.

கார்ப் பார்க்கிங் பக்கமிருந்து தலைவரின் குரல் வந்தது. "எங்கள் கொடி ஒருநாள்..." இப்போதுதான் தழுதழுத்தது.

நாசமறுந்த கொடி என்று வாய் வரை வந்ததை அவள் விழுங்கினாள். கொடி ஒரு பிழையும் செய்யவில்லை. அதற்காகத்தானே அவள் ஓட வந்தாள்.

பேபி அக்கா வேலிக்கரையில் குந்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அட்சயாவுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை நொந்தது.

அவள் திரும்பி வந்தபோது விழா முடிந்து சனம் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தது. பிரதம விருந்தினர் போய்விட்டார். தலைவர் மட்டும் பொன்னாடையைக் கழற்றாமலேயே நின்றார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து கைபேசியை நீட்டினார்.

"நீ எனக்குப் போர்த்தின படம், பாரன், என்ன வடிவாய் வந்திருக்கு! பேஸ்புக்கில போட்டாச்சு. ஓடி முடிஞ்சுதோ? என்ன பிளேஸ்?"

அட்சயா படத்தைப் பார்க்கவில்லை. அவருடைய இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்துக் கையை மட்டும் நீட்டினாள்.

"அப்பா, கார்த் திறப்பைத் தாங்கோ."