பதிலி சொன்ன சம்மதம்

அண்டார்டிகாவில் பனியைத் துளையிடும் வேலை முடிந்து நிலையத்துக்குத் திரும்பிய நறுமுகை, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தன் பதிலியைத் திறந்தாள். ஆய்வாளர்கள் வெளியே போயிருக்கும்போது அவர்கள் குரலிலேயே வீட்டாரோடும் நண்பர்களோடும் பேசும் கருவி அது. மதுரையிலிருந்து சேந்தன் தினமும் அழைத்து, “கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்று கேட்டிருந்தான். கல்லூரி நாளிலிருந்து அவள் காத்திருந்த கேள்வி. பதிலி தினமும் சம்மதம் சொல்லியிருந்தது.

பதறிப்போய் அவனை அழைத்தாள்.

“சேந்தா, சரின்னு சொன்னது நான் இல்லப்பா.”

“தெரியும். உன்கிட்ட கேக்க வாயே வரல. அதான் அதுகிட்ட ஒத்திகை பாத்தேன். அந்தத் தைரியத்துல மண்டபம்கூட விசாரிச்சிட்டேன்.”

குளிரில் விறைத்திருந்த அவள் முகத்தில் சிரிப்பு மெல்லத்தான் பரவியது.

“எல்லாஞ் சரி. என்கிட்ட இன்னும் ஒரு தடவகூட கேக்கலையே, சார்?”

மறுமுனையில் அவன் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் கேட்டது.